"கேஸ்ட்ரிக்" என்று நாம் சொல்வது எதை?

காலை ஓய்வு வேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. படிவம் 4 வகுப்பில் ஒரு மாணவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிட்டாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர், கேஸ்ட்ரிக்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் உடனே காரணம் சொன்னாள்: "காலையில பசியாறல டீச்சர்." பின் வரிசையிலிருந்து ஒருவன், "நேத்து நாசி லெமாக்ல சம்பால் ரெண்டு தடவ வாங்குனா" என்று சேர்த்துக்கொண்டான்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் இருக்கும். அம்மாவுக்குக் கேஸ்ட்ரிக், மாமாவுக்குக் கேஸ்ட்ரிக், பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கும் அதுதான். நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், சாப்பிட்டதும் வயிறு உப்புவது, ஏப்பம், குமட்டல், நடு இரவில் எழுப்பும் வலி எல்லாவற்றுக்கும் நம் நாட்டில் இந்த ஒரே பெயர். காரணம் கேட்டால் மூன்று பதில் வரும்: நேரத்துக்குச் சாப்பிடவில்லை, காரம் அதிகம், மனக்கவலை. நானும் பல ஆண்டுகள் இந்தப் பதில்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு அறிவியல் ஆசிரியையாக இருந்துகொண்டே. என் அப்பாவின் வயிறுதான் எனக்குப் பாடம் நடத்தியது.

அப்பா 20 ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூரில் வேலை செய்தவர். தம்போயில் இருக்கும் எத்தனையோ அப்பாக்களைப் போல விடியற்காலை 4.30 மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பார். வெறும் வயிற்றில் ஒரு கோப்பி ஓ. பாலத்தில் நெரிசல், சோதனைச் சாவடி வரிசை, அதன் பிறகு வேலை. முதல் கவளம் சோறு வயிற்றுக்குள் போக மதியம் ஆகிவிடும். பதினோரு மணிக்கு வலிக்கும், சாப்பிட்டதும் அடங்கிவிடும். இரவு இரண்டு மணிக்கு மறுபடி வலிக்கும். இரண்டு பிஸ்கட் தின்றால் தூக்கம் வரும். "பாத்தியா, பசிதான் காரணம். சாப்பிட்டா நின்னுடுது" என்பார். சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக ஒரு மருந்துப் புட்டி எப்போதும் அடுக்களை அலமாரியில் இருக்கும்.

அப்பாவின் வாதத்தில் ஓட்டை எங்கே என்று உங்களால் சொல்ல முடிகிறதா? நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். வலி வரும் நேரத்தை அவர் வலியின் காரணமாக எடுத்துக்கொண்டார். சிறுகுடலின் தொடக்கத்தில், அதாவது முன்சிறுகுடலில், ஒரு புண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் உணவு இருக்கும்போது அமிலம் உணவோடு கலந்து நீர்த்துப்போகும். புண்ணில் எரிச்சல் குறையும். வயிறு காலியானதும் அமிலம் நேராகப் புண்ணில் படும், வலிக்கும். பசி வலியை வெளியே காட்டியது. ஆனால் புண்ணை உண்டாக்கியது பசிதானா? மழை பெய்யும்போதுதான் கூரையில் ஓட்டை இருப்பது தெரிகிறது. ஓட்டையைப் போட்டது மழை இல்லையே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அப்பா கழிப்பறையிலிருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. மலம் தார் போலக் கறுப்பாகப் போவதாக அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். இரண்டு நாளாகவே அப்படித்தானாம், சொல்ல வெட்கம். இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிந்தால், அது செரிமானமாகிக் கீழே வரும்போது கறுப்பாகிவிடும். மருத்துவமனையில் வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்த்தார்கள். நம்மவர்கள் "ஸ்கோப் போட்டாங்க" என்று சொல்வது இதைத்தான். முன்சிறுகுடலில் புண். மருத்துவர் திரையைக் காட்டிவிட்டு எங்களிடம் ஒரு பெயரைச் சொன்னார்: ஹெலிகோபேக்டர் பைலோரி.

அமிலக் கிண்ணத்துக்குள் ஓர் உயிர்

நம் இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கையுறை போட்டுத் தொடும் அதே அமிலம்தான். வெறும் வயிற்றில் அதன் பி.எச். அளவு 1-லிருந்து 2 வரை இருக்கும். நாம் விழுங்கும் பெரும்பாலான கிருமிகள் அங்கேயே சாகின்றன. அதனால்தான் "இரைப்பைக்குள் பாக்டீரியா நிலையாகக் குடியிருக்க முடியாது" என்று மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பியது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமான நம்பிக்கை, இல்லையா?

இந்தப் பாக்டீரியா அந்த நம்பிக்கையை மீறி வாழ்கிறது. அதன் தந்திரம் உங்கள் வேதியியல் பாடத்தில் வரும் நடுநிலையாக்கம்தான். நம் உடலில் யூரியா என்ற கழிவுப்பொருள் இருக்கிறது. சிறுநீரில் வெளியேறுவது தெரியும், இரைப்பைச் சாற்றிலும் சிறிதளவு இருக்கிறது. பாக்டீரியா அந்த யூரியாவை உள்ளே இழுத்து, யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு உடைக்கிறது. உடையும்போது அம்மோனியாவும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. அம்மோனியா காரம். அது தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிடும். நெருப்புக்குள் நடக்கும் ஒருவர் தன்னைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவதைப் போல.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. யூரியா உள்ளே வருவதற்கு அந்தப் பாக்டீரியாவின் சவ்வில் ஒரு வாசல் இருக்கிறது. வெளியே அமிலம் கூடும்போது மட்டுமே அது திறக்கும். அமிலம் குறைந்தால் மூடிக்கொள்ளும். ஏன் மூட வேண்டும்? தேவையில்லாத நேரத்தில் அம்மோனியாவைத் தயாரித்தால் உள்ளே காரத்தன்மை ஏறி அதுவே செத்துவிடும்.

இருந்தாலும் அமிலத்திலேயே அது நெடுநேரம் இருப்பதில்லை. இரைப்பையின் உட்சுவரை நம் உடல் ஒரு கெட்டியான சளிப்படலத்தால் மூடி வைத்திருக்கிறது. இல்லாவிட்டால் நம் அமிலம் நம்மையே செரித்துவிடும். சுருள் வடிவமும் ஒரு முனையில் சவுக்கு போன்ற இழைகளும் கொண்ட இந்தப் பாக்டீரியா அந்தச் சளிக்குள் நீந்தி, சுவருக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொள்ளும். அதன் வடிவத்தைப் பார்த்து, புட்டி மூடியைத் திறக்கும் திருகு போலச் சளியைத் துளைத்துப் போகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. சளி, அமிலத்தில் கூழாகக் கெட்டியாக இருக்கும். அமிலம் குறைந்தால் இளகிவிடும். பாக்டீரியா விடும் அம்மோனியா சளியை இளக்கிவிடுகிறது. அந்த இளகிய பாதையில் அது நீந்துகிறது. ஒரே நொதி உயிரையும் காக்கிறது, வழியையும் திறக்கிறது.

அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. ஆனால் ஒருமுறை குடியேறினால் மருந்து கொடுக்காத வரை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் போகாது. அதை விரட்ட நம் நோயெதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் சண்டை போடும். அந்தச் சண்டையில் இரைப்பைச் சுவர் அழற்சி அடையும். சிலருக்கு அது புண்ணாகும்.

ஈஸ்டர் விடுமுறை செய்த உதவி

பேரி மார்ஷல் பாக்டீரியாவைக் குடித்த கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய கதைதான் எனக்கு இன்னும் சுவையானது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் நிபுணர் இருந்தார். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சிறு துண்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. 1979-இல் அழற்சியுள்ள ஒரு துண்டில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். வயிற்றில் பாக்டீரியா இருக்காது என்பதால் மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் விடாமல் தேடினார். 1981-இல் இளம் மருத்துவர் மார்ஷல் அவரோடு சேர்ந்தார்.

அடுத்து அந்தப் பாக்டீரியாவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் வளரவில்லை. வழக்கப்படி இரண்டு நாள் பார்த்துவிட்டு, எதுவும் முளைக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 1982 ஏப்ரலில் ஈஸ்டர் நீண்ட விடுமுறை வந்தது. தட்டை எடுத்துப் போட ஆளில்லை. ஐந்து நாள் கழித்து வந்து பார்த்தால், அதில் பாக்டீரியாக் கூட்டம்! அது மெதுவாக வளரும் வகை. அதுவரை ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டு எறிந்திருக்கிறார்கள்.

ஆனாலும் பலர் நம்பவில்லை. புண் இருக்கும் இடத்தில் பாக்டீரியா பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாமே என்றார்கள். அது நல்ல கேள்விதான். என் அப்பாவிடம் நான் கேட்கத் தவறிய கேள்வியும் அதுவே. எது காரணம், எது கூட வந்தது? விலங்குகளில் சோதனை பலிக்கவில்லை. 1984-இல் 32 வயதான மார்ஷல் முதலில் தன் இரைப்பையில் அது இல்லை என்று சோதித்துக்கொண்டார். பிறகு பாக்டீரியா கலந்த திரவத்தைக் குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் துர்நாற்றம். மறுபடி சோதித்தபோது இரைப்பையில் அழற்சி, அதில் அதே பாக்டீரியா. அவருக்குப் புண் வரவில்லை, அழற்சி மட்டுமே வந்தது என்பதையும் கவனியுங்கள். சில இடங்களில் புண் வந்ததாகவே எழுதிவிடுகிறார்கள். 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டின் புதிர்

இப்போது மலேசியாவுக்கு வருவோம். உலகின் ஆய்வாளர்கள் நம் நாட்டை ஆர்வத்தோடு பார்க்க ஒரு காரணம் இருக்கிறது.

1990-களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் கோ கியன் லீயும் உடன் பணியாற்றியவர்களும், அஜீரணத் தொல்லையோடு ஸ்கோப் எடுக்க வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சோதித்தார்கள். எல்லாரும் ஒரே நாட்டினர், ஒரே மருத்துவமனைக்கு வந்தவர்கள், ஒரே மாதிரித் தொல்லை சொன்னவர்கள். ஆனால் முடிவு ஒன்றாக இல்லை. இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் பாக்டீரியா இருந்தது. சீனர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம். மலாய்க்காரர்களிலோ ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கிளந்தானில் இரத்த தானம் செய்தவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் தொற்று இருந்தது. உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. "நாம் சுத்தமில்லாதவர்களா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. உங்களுக்கும் வரலாம். அந்தக் கேள்வியோடு கொஞ்சம் பொறுமையாக இருப்போம்.

இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு. எச்சில் வழியாகவா, வாந்தி வழியாகவா, மலம் கலந்த தண்ணீர் வழியாகவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை, மூன்றுக்கும் இடமுண்டு. ஒரே அறையில் பலர் தூங்குவது, ஒரு குழாயைப் பல குடும்பங்கள் பகிர்வது போன்ற நிலைமைகளில் தொற்று கூடும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. நம் தாத்தா பாட்டிகள் ஜொகூரின் இரப்பர் தோட்டங்களில் எப்படி வாழ்ந்தார்கள் என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள். லயத்து வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பேர். வரிசை முழுவதற்கும் பொதுக் குழாய். பாட்டி தன் வாயில் மென்று பேரனுக்கு ஊட்டிய சோறு. அந்த வீடுகளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை அவை.

2001-இல் பேராசிரியர் கோவும் நுண்ணுயிரியல் அறிஞர் பராசக்தி நவரத்தினமும் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். பாக்டீரியா ஒவ்வோர் இனத்துக்குள்ளும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வருகிறது என்பது அவர்கள் விளக்கம். யோசித்தால் எளிமையானது. நம் நாட்டில் பள்ளியில், சந்தையில், வேலையில் எல்லாரும் கலந்திருக்கிறோம். ஆனால் திருமணமும் குழந்தை வளர்ப்பும் பெரும்பாலும் அவரவர் சமூகத்துக்குள்தான். இந்தப் பாக்டீரியாவோ சந்தையில் பரவுவதில்லை. தொட்டில் பக்கத்தில் பரவுகிறது. அதனால் முன்னோர் கொண்டுவந்தது அந்தந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

"கொண்டுவந்தது" என்று சொன்னேன் அல்லவா? அதற்குச் சான்று பாக்டீரியாவின் மரபணுவிலேயே இருக்கிறது. மனிதர்கள் ஏறக்குறைய 58,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியபோதே இது அவர்கள் வயிற்றில் இருந்தது என்று 2007-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மனிதர்கள் பிரிந்து பிரிந்து குடியேற, பாக்டீரியாவும் பல கிளைகளாகப் பிரிந்தது. கிளையைப் பார்த்து அதைச் சுமந்தவரின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 2009-இல் ஆஸ்திரேலிய, மலேசிய ஆய்வாளர்கள் நம் நாட்டு நோயாளிகளின் பாக்டீரியாக்களை இப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். சீனர்களிடம் இருந்தது கிழக்காசியக் கிளை. இந்தியர்களிடம் இருந்தது இந்தியக் கிளை. மலாய்க்காரர்களிடம்? அவர்களிடம் இருந்ததில் பெரும்பகுதி அதே இந்தியக் கிளை! அவர்கள் வயிற்றில் பழங்காலத்தில் இது பரவலாக இருக்கவில்லை. அண்மைக் காலத்தில்தான், அதுவும் இந்தியர்களிடமிருந்து, தொற்றியிருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு முடிவு கட்டியது. கிளந்தானின் குறைந்த எண்ணிக்கை இப்போது கொஞ்சம் புரிகிறதா?

இதே இந்தியக் கிளையின் உறவினர் இன்னோர் எதிர்பாராத வயிற்றில் கிடைத்தது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் ஒரு மனித உடல் உறைந்த நிலையில் கிடைத்தது. ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். ஏட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2016-இல் அவர் இரைப்பையிலிருந்த பாக்டீரியாவின் மரபணுவைப் படித்தார்கள். இன்றைய ஐரோப்பியர்களிடம் இருப்பது போல அது இல்லை. மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இன்று காணப்படும் வகைக்கு நெருங்கியதாக இருந்தது. என் அப்பாவின் வயிற்றில் இருந்ததும் ஏட்சியின் வயிற்றில் இருந்ததும் தூரத்துப் பங்காளிகளாக இருக்கலாம். இதை அப்பாவிடம் சொன்னேன். "அந்த ஆளும் பசியாறாம வேலைக்குப் போயிருப்பான்" என்றார்.

புதிரின் இரண்டாம் பாதி இன்னும் தீரவில்லை. 1994-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தப் பாக்டீரியாவைப் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவுதான். அப்படியானால் அதிகத் தொற்றுள்ள இந்தியர்களுக்குத்தானே இரைப்பைப் புற்றுநோயும் அதிகம் வர வேண்டும்? மலேசியாவில் அப்படி இல்லை. சீனர்களிடம்தான் அது அதிகம். இந்தியர்களிடம் ஒப்பீட்டில் குறைவு. கிழக்காசியக் கிளையில் உள்ள ஒரு நச்சுப் புரதம் இரைப்பை அணுக்களோடு வலுவாகப் பிணைவது ஒரு காரணமாகலாம். மனிதரின் சொந்த மரபணுவும் உணவுப் பழக்கமும் மற்றக் காரணங்களாகலாம். நம் குழம்பும் மஞ்சளும் காப்பாற்றுகின்றனவோ என்றுகூட யோசித்திருக்கிறார்கள். உடனே இதை வெட்டிப் புலனத்தில் "மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும், அறிவியல் நிரூபித்தது" என்று அனுப்பிவிடாதீர்கள்! யோசனை வேறு, நிரூபணம் வேறு. குறைவு என்றால் இல்லை என்றும் பொருளல்ல.

ஊதிப் பார்த்துக் கண்டுபிடிப்பது

அப்பாவின் கதையை ஸ்கோப் அறையில் விட்டுவிட்டு வந்தேன். புண்ணைப் பார்த்த மருத்துவர், இரைப்பைச் சுவரிலிருந்து ஒரு சிறு துண்டைக் கிள்ளி மஞ்சள் நிறக் கூழில் வைத்தார். அந்தக் கூழில் யூரியாவும் ஃபீனால் சிவப்பு என்ற காட்டியும் இருக்கும். துண்டில் பாக்டீரியா இருந்தால், அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும், அம்மோனியா வரும், காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகும். லிட்மஸ் தாளை வைத்து நீங்கள் செய்யும் சோதனையின் அண்ணன் என்று சொல்லலாம்.

அப்பாவின் கூழ் மஞ்சளாகவே இருந்தது. பாக்டீரியா இல்லை என்று நாங்கள் மகிழ்ந்தோம். மருத்துவர் மகிழவில்லை. "வீட்டில் வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்பா தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். வேலையிடத்து நண்பர் கொடுத்த ஒமிப்ரசோல் மாத்திரையை இரண்டு மாதமாகத் தினமும் விழுங்கியிருக்கிறார். அது அமிலச் சுரப்பைக் குறைக்கும். அமிலம் குறைந்தால் பாக்டீரியாவின் எண்ணிக்கையும் குறையும், அதன் நொதியும் அடங்கிப்போகும், சோதனையில் அகப்படாது. இரத்தக் கசிவும் சோதனையை ஏமாற்றும். ஆள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும்போது கதவைத் தட்டிவிட்டு, "யாருமில்லை" என்று திரும்பியது போலாகிவிட்டது.

புண் ஓரளவு ஆறிய பிறகு, அந்த மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மூச்சுச் சோதனை செய்தார்கள். முதலில் ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். பிறகு யூரியா கலந்த ஒரு பானம். சற்று நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதல். இதில் என்ன தெரியும்? அந்த யூரியாவில் சாதாரணக் கார்பன்-12 அல்ல, சற்றே கனமான கார்பன்-13 இருக்கும். ஐசோடோப் பாடம் ஞாபகம் வருகிறதா? கார்பன்-13 கதிர்வீச்சு அற்றது, ஆபத்தில்லை. நம் உடல் அணுக்களிடம் யூரியேஸ் கிடையாது. ஆகவே வயிற்றில் அந்தப் பாக்டீரியா இருந்தால்தான் யூரியா உடைந்து, கனமான கார்பனைச் சுமந்த கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வரும். பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் அதே தந்திரத்தை வைத்தே அதைப் பிடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு அழகானது வேறில்லை.

இம்முறை அப்பா மாட்டிக்கொண்டார்.

சிகிச்சை 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் ஒரு மருந்து, கூடவே இரண்டு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள். ஒன்று மட்டும் ஏன் போதாது? அது சளிக்குள் ஒளிந்திருப்பதால் மருந்து எட்டுவது கடினம். ஒரு மருந்துக்குத் தப்பியது மற்றதில் சாக வேண்டும். மருந்து சாப்பிடுவது இலேசாக இல்லை. வாயில் நாள் முழுவதும் இரும்பைச் சப்புவது போலக் கசப்பு, வயிற்றுப்போக்கு வேறு. எட்டாம் நாள் வலி போய்விட்டது. "போதும், சரியாயிடுச்சு" என்று அப்பா மாத்திரைப் பையை அலமாரியில் வைத்தார். அன்று வீட்டில் நடந்த சண்டையை நான் எழுதப்போவதில்லை. வலி நிற்பதும் பாக்டீரியா சாவதும் ஒன்றல்ல. பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது மருந்தைத் தாங்கிப் பழகியவை, அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற வகைகள் இப்போது பல நாடுகளில் பெருகிவருகின்றன. அம்மா மாத்திரைகளை எண்ணிக் கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரில் நின்றார்.

உங்கள் வயிற்றுவலி?

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே "எனக்கும் பாக்டீரியா" என்று அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம். தொற்றுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. புண் வருவது பத்தில் ஒருவர் அளவில். புற்றுநோய் நூற்றில் ஓரிருவர் அளவில். உங்கள் வயதில் வரும் வயிற்றுவலிக்கு வேறு காரணங்கள் எத்தனையோ உண்டு. அதுபோல எல்லாப் புண்ணுக்கும் இந்தப் பாக்டீரியா காரணமல்ல. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் சில வலிநிவாரணிகள் தாமாகவே இரைப்பையைப் புண்ணாக்கும். ஆஸ்பிரின், ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை அப்படிப்பட்டவை. தாத்தா பாட்டி அவற்றைத் தினமும் சாப்பிடுகிறார்களா என்று ஒருமுறை மாத்திரை டப்பாவைப் பாருங்கள். காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கும் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

சிலவற்றை மட்டும் "கேஸ்ட்ரிக்தானே" என்று விட்டுவிடக் கூடாது. கறுப்பு மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்க முடியாமல் போவது, நடுவயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி. வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் விடாத வலிக்கு அரசாங்க கிளினிக்கிலேயே முதலில் காட்டலாம். எந்தச் சோதனை தேவை என்று அவர்கள் சொல்வார்கள். போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், நண்பர் கொடுத்ததையும் சேர்த்து.

தைவானுக்குச் சொந்தமான மாட்சு என்ற சிறு தீவுக் கூட்டத்தில் இரைப்பைப் புற்றுநோய் மிகுந்திருந்தது. 2004 முதல் அங்குள்ள மக்களை மூச்சுச் சோதனை செய்து, தொற்றுள்ளவர்களுக்கு மருந்து கொடுத்துவந்தார்கள். தொற்று நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் இருந்தது. சில ஆண்டுகளில் பதினைந்து அளவுக்கு இறங்கியது. இரைப்பைப் புற்றுநோயும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம் நாட்டில் யாரைச் சோதிப்பது, எப்போது சோதிப்பது என்ற கேள்விகளுக்கு விடை காணப் போகிறவர்களில் சிலர் இப்போது உங்கள் வகுப்பில்கூட உட்கார்ந்திருக்கலாம்.

அந்தப் படிவம் 4 மாணவியைப் பற்றிச் சொல்லவில்லையே. அவளுடைய அம்மா கிளினிக்குக்கு அழைத்துப்போனார். பாக்டீரியா எதுவும் இல்லை. காலையில் பசியாறாமல் பள்ளிக்கு வந்து, ஓய்வு வேளையில் ஐஸ் மைலோ மட்டும் குடித்துக்கொண்டிருந்தாளாம். அவள் தோழி சொன்னதுதான் சரி. வகுப்பில் இப்போதும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அப்பா சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி பையில் ஊதினார். கனமான கார்பன் கூடவில்லை, பாக்டீரியா போய்விட்டது. பெரியவர்களுக்கு மறுபடி தொற்றுவது அபூர்வம் என்று மருத்துவர் சொன்னார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் 4.30 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் கோப்பி ஓ குடிக்கிறார். பதினோரு மணிக்கு வலிப்பதில்லை. யாராவது கேட்டால், "சம்பால நிறுத்துனேன், கேஸ்ட்ரிக் போயிடுச்சு" என்கிறார்.